கைமுக்கு

பூசாரி இன்னும் வந்தபாடில்லை. பத்து மணிக்கு நடை திறந்துவிடும், பத்தரைக்கெல்லாம் திரும்பிவிடலாம், மத்தியானத்துக்குள் அகராதியின் ‘கை’ வரிசையை முடித்து அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றெல்லாம் சொல்லித்தான் பேராசிரியர் குற்றாலலிங்கம் இவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மணி இப்போது பத்தே முக்கால், கம்பிக் கதவில் பெரிய பூட்டு தொங்குகிறது, அதற்குப் பின்னால் இருட்டுக்குள் சாஸ்தா ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு எனக்கென்ன அவசரம் என்கிறாற்போல உட்கார்ந்திருக்கிறார். புன்னை மரத்தடியில், யாரோ செத்துப்போனவர் நினைவாகப் போட்ட சிமெண்டு பெஞ்சில், தாணம்மை தன் வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தினாலும் அது சும்மா கிடக்கவில்லை. புடவைக்குள் சிக்கிய அணில்குஞ்சு மாதிரி உள்ளே துள்ளிக்கொண்டே இருந்தது. வந்த காரியம் இவ்வளவுதான்: அகராதி அலுவலகத்தில் ஒரு பழைய காகிதம் காணாமல் போய்விட்டது. அலுவலகத்தில் இருப்பது நாலு பேர். நாலு பேரும் இந்தக் கோயிலில் சூடம் கொளுத்தி, ‘நான் எடுக்கவில்லை’ என்று சொல்லி, உள்ளங்கையால் தீயை அடித்து அணைக்க வேண்டும். கை நடுங்காமல் அணைத்தவர் எடுக்காதவர். நடுங்கியவர் எடுத்தவர். தாணம்மையின் கை ஒன்பது வயதிலிருந்து நடுங்குகிறது. அதைத் தெரிந்தே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பதினோரு வருடம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்த பேராசிரியருக்கு அது தெரியாதா, அவள் எழுதும் சீட்டுகளில் ஒவ்வொரு கொம்பும் சுழியும் தண்ணீரில் விழுந்த நிழல்போல ஆடுவதைப் பார்த்து, “தாணம்மை கையெழுத்தை யாரும் போலிசெய்ய முடியாது” என்று அவரே எத்தனை தடவை சிரித்திருக்கிறார், தெரியாதா. தெரியும். தெரிந்துதான் நேற்று சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “யாரையும் யாரும் சந்தேகப்படலேம்மா, எல்லாரும் மனசு தெளிஞ்சிட்டா வேலையைப் பாக்கலாம்ல” என்றார். மனசு தெளிய. யார் மனசு கலங்கிக் கிடந்தது? அவள் மனசு கண்ணாடிபோலத்தான் கிடந்தது, இவர்கள் வந்து கையை விட்டுக் கலக்குகிறவரை.

கையை விட்டு. கையை முக்கி. அந்தச் சொல் மறுபடியும் வந்து நின்றது. நான்கு நாளாக அது போகவில்லை, பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி நாக்கு அங்கேதான் போகிறது. காணாமல் போன காகிதமே அந்தச் சொல்லுக்குச் சான்றாக வந்த காகிதம்தான். கைமுக்கு. ராஜா காலத்தில் சுசீந்திரத்தில் நடந்தது. மலையாளக் கரையில் நம்பூதிரி ஒருவன்மேல் பெண்விஷயமாகப் பழி வந்தால் அவனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், சன்னிதியில் நெய்யைக் கொதிக்கக் காய்ச்சுவார்கள், உள்ளே ஒரு சின்ன உருவத்தைப் போடுவார்கள், அவன் கையை முக்கி அதை எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி முத்திரை வைத்து, மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். பழுதில்லை என்றால் சுத்தன். அதற்கு ஒரு பத்திரம் உண்டு, சுத்திபத்திரம். வெந்திருந்தால் அவன் அவ்வளவுதான். இதைப் பேராசிரியர் முதல்முதலாக விளக்கிய அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் தாணம்மைக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. “பாத்தியா, இதையே வடமொழிக்காரன் திவ்வியம்னான், பிரத்தியயம்னான். நம்மாளு கை, முக்கு, அவ்வளவுதான். எவ்வளவு சுத்தமான சொல்லு!” அவருக்குச் சொல் சுத்தமாக இருந்தால் போதும். அலுவலகத்தில் யாரும் ‘சார்’ என்று சொல்லக்கூடாது, ‘ஐயா’தான், பேனா என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார், ‘தூவல்’. முக்கு. அது எப்பேர்ப்பட்ட சாதாரணச் சொல். வாழைக்காயை மாவில் முக்கு, முறுக்கைக் காப்பியில் முக்கு, வெள்ளை வேட்டியை நீலத்தில் முக்கு. அடுக்களையில் வளர்ந்த சொல்லைப் பிடித்துக்கொண்டுபோய் அந்த நெய்ச்சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்களே, அதுவும் வாயைத் திறக்காமல் போய் நின்றிருக்கிறதே என்று அவளுக்குச் சொல்லின்மேலேயே கோபம் வந்தது. முதல்முதலாக அப்படிச் சொன்னவன் யாராக இருக்கும்? கையை விட்டவன் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டான். நெய்யைக் காய்ச்சினவனா? சும்மா நின்று வேடிக்கை பார்த்தவன்தான் வைத்திருப்பான், ‘என்ன, அவன் கைமுக்கு ஆச்சா?’ என்று வெற்றிலையை மென்றுகொண்டு. கைப்பையில் அந்தச் சீட்டு இருக்கிறது, எழுத்துக்கு ஒன்றாக இருக்கும் மர இழுப்புப் பெட்டிகளில் அடுக்குகிற, தபால் அட்டை அளவு மஞ்சள் சீட்டு, அவள் எழுதி அவர் திருத்தியது. கைமுக்கு, பெயர்ச்சொல், குற்றம் சாட்டப்பட்டவர் காய்ச்சிய நெய்யில் கை முக்கித் தம் குற்றமின்மையைத் தெய்வத்தின் முன் மெய்ப்பிக்கும் பழைய நீதிமுறை, வழக்கொழிந்தது. கடைசிச் சொல்லை அவர் தன் பொடி எழுத்தில் சேர்த்திருந்தார். மெய்ப்பிக்கும் என்பதில்தான் அவள் முதலில் மாட்டினாள். என்னத்தை மெய்ப்பிக்கிறது? தோல் தடிப்பாக இருக்கிறது என்பதையா? நெய் சரியாகக் காயவில்லை என்பதையா? காய்ச்சுகிறவன் கையில் காசு மாறியது என்பதையா? “அதெல்லாம் அகராதிக்காரன் வேலை இல்லம்மா. இருந்ததை இருந்தபடி எழுது” என்றார். இருந்ததை இருந்தபடி.

“எக்கா, பூசாரி இன்னைக்கு வருவாரா, இல்ல சாமியே எறங்கி வந்து சூடம் கொளுத்தணுமா?” என்றான் பெர்க்மான்ஸ். கணினியில் அகராதியைத் தட்டச்சு செய்கிறவன், இருபத்தெட்டு வயது, மரத்தின் வேரில் குந்திக்கொண்டு செருப்பால் எறும்பு வரிசையை மறித்துக்கொண்டிருந்தான். “நான் அந்தோணியாரைக் கும்பிடுதவன். இவரு என்னைய எந்தப் பெட்டியில தேடுவாரு? ‘பெ’னாவுலயா ‘அ’னாவுலயா?” சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. “சும்மா இரிடே” என்றாள் சுயம்புக்கனி, அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து டீ வாங்கி வருகிறவள், கீழே மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள், பெஞ்சில் இடம் இருந்தும். “எடுக்காதவளுக்கு என்ன பயம்னு கேக்காவ. எடுக்காதவளுக்குத்தானேடே பயம். எடுத்தவன் எங்கயோ நிம்மதியா சாயா குடிச்சிக்கிட்டு இருப்பான்.” பேராசிரியர் நாலடி தள்ளிக் கோயில் சுவரோரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் பஞ்சாயத்துக்காரர்கள் நீலத்தில் எழுதிப்போட்ட வாசகத்தைப் பார்த்தபடி நின்றார். கோயில் வளாகத்தைத் தூய்மையாக வைத்திருப்போம். வெயிலில் நீலம் உரிந்து சில எழுத்துக்கள் பாதியாக நின்றன. “எங்களுக்கு நம்பிக்கை இருக்கா இல்லையான்னு நீங்க கேக்கவே இல்லியே சார்” என்று பெர்க்மான்ஸ் அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான், “ஐயா.” அவர் திரும்பினார். “எனக்கே நம்பிக்கை கிடையாதுப்பா. வாழ்நாள் பூரா இதை எதிர்த்து எழுதினவன் நான். காகிதத்தைக் கொடுத்த வக்கீல் சத்தியம் கேக்காரு, இல்லேன்னா போலீசுக்குப் போவேங்காரு. பெண்டுகளைக் கூட்டிக்கிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கணுமா? அதுக்கு இது மேல் இல்லையா? அஞ்சு நிமிஷ வேலை.” நம்பிக்கையுள்ளவன் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அவனைத் திட்டலாம், முட்டாளே உனக்கு அறிவில்லையா என்று கேட்டுவிடலாம். நம்பாதவன் கூட்டிக்கொண்டு வந்தால் அவனை என்னவென்று கேட்பது? சாஸ்தாவுக்கு முன்னால் அவர் வேடிக்கை பார்க்க வந்தவர். நெய்ச்சட்டிக்குப் பக்கத்தில் வெற்றிலை மென்றவன்.

அஞ்சு நிமிஷ வேலைதான் எல்லாமே. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுபோய் வைப்பதும் அஞ்சு நிமிஷ வேலைதான். இரண்டு தடவை வந்தார்கள். முதல் தடவை, தட்டில் ஆறு டம்ளர், எவர்சில்வர் டபராவில் உட்கார்த்தி வைத்தது, நடை ஏறும்போதே கிணிகிணியென்று சத்தம், கோயில் மணி மாதிரி; அப்பா ஒன்றும் கேட்காதவர்போல மழையைப் பற்றிப் பேசினார். வந்த அம்மாள் காப்பியைக் குடிக்காமல் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது வாசலில் வைத்து, “பிள்ளைக்கு ஏதாச்சும் தீனமா?” என்று மட்டும் கேட்டாள். இரண்டாவது தடவை அம்மா டம்ளருக்கு அடியில் ஈரத்துணி விரித்துக் கொடுத்தாள், சத்தம் வரவில்லை, காப்பி தளும்பி மாப்பிள்ளையின் வேட்டியில் விழுந்தது. அதற்குப் பிறகு யாரையும் வரச்சொல்ல வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையை நீட்டச்சொல்லி அதன்மேல் ஒரு தாளை வைத்தார், தாள் படபடவென்று துடித்தது, “இது பயத்துல வாற நடுக்கம் இல்ல. பிறவியிலயே நரம்பு அப்படி, வளர்ந்த பிறகுதான் வெளியில தெரியும். கொல்லாது, குணமாகவும் செய்யாது” என்றார். பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வருடத்துக்கு இரண்டு முறை திருப்பி அனுப்புகிறார்கள். ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கும்போது, “அசைக்காம வையிங்க, அசைக்காம” என்று பின்னால் நிற்கிறவர்களெல்லாம் சேர்ந்து கத்துகிறார்கள். அப்போதெல்லாம் அவளுக்கு அழுகைதான் வரும். இன்றைக்கு ஏன் அழுகை வரவில்லை, நெஞ்சுக்குழியில் என்னவோ கங்கு மாதிரி கனன்று கிடக்கிறதே என்று அவளுக்கே புதிதாக இருந்தது. ஒருவேளை அது நேற்று முன்தினமே பற்றிக்கொண்டிருக்கலாம். நேற்று முன்தினம் பைகளைக் கவிழ்த்தார்கள். முதலில் சுயம்புக்கனியின் ஒயர்கூடை. பழைய சோற்று டப்பா, வெற்றிலைப் பொட்டலம், மகள் வயிற்றுப் பேரனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் விசில். பிறகு அவளுடைய கைப்பை. கவிழ்த்தது பேராசிரியர்தான், “மன்னிச்சுக்கம்மா” என்று சொல்லிக்கொண்டே கவிழ்த்தார். மாத்திரை அட்டை, சீப்பு, சில்லறை, காகிதத்தில் சுற்றிவைத்திருந்த மாதவிலக்குத் துணி, எல்லாம் அகராதிச் சீட்டுகளுக்கு நடுவில். பெர்க்மான்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல பிள்ளை. அவன் பை கவிழ்க்கப்படவில்லை, அவனிடம் பையே கிடையாது. பேராசிரியருக்குப் பை உண்டு. தோல்பை, இரண்டு வார் வைத்தது. அதை யாரும் கவிழ்க்கவில்லை. அதைக் கவிழ்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை, அவளுக்கும் சேர்த்து, அதை நினைத்தபோது கங்கில் யாரோ ஊதினாற்போல் இருந்தது.

காணாமல் போன காகிதத்தை அவள் கையில் வைத்துப் பார்த்திருக்கிறாள், அது ஒரு சுத்திபத்திரம். வக்கீல் வீட்டில் எந்தத் தலைமுறையிலோ வந்து தங்கியது, ஓலையாக இருந்ததைப் பிற்காலத்தில் காகிதத்தில் பகர்த்தி எழுதியது, மடித்த இடங்களில் வெளிச்சம் தெரியும். இன்ன நாள், இன்ன இல்லத்து இன்னார், கை முக்கி, மூன்றாம் நாள் கட்டு அவிழ்த்துப் பார்த்த இடத்தில் கை பழுதில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. எத்தனையோ தடவை படித்தாள். அந்த மூன்று நாளும் அவன் எங்கே படுத்திருப்பான்? கட்டுக்குள் கை என்ன செய்கிறதென்று அவனுக்குத் தெரியாதா? எரிகிறதா இல்லையா என்று தன் கையைத் தானே பிறத்தியார் கைபோல வேவு பார்த்துக்கொண்டு கிடந்திருப்பான். சரி, அவனுக்காவது ஒரு சட்டியும் நெய்யும் கொடுத்தார்கள். கூடப் பழி சுமந்த பெண் எங்கே? காகிதத்தில் அவள் இல்லை. பெண்ணுக்குக் கைமுக்கு கிடையாது. அவளை வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டிலில் அடைத்துவைத்து, கதவுக்கு வெளியே நின்று விசாரிப்பார்கள், அதற்குப் பிறகு அவளைப் பெயர் சொல்லிக்கூடச் சொல்ல மாட்டார்கள், ‘சாதனம்’ என்பார்கள். சாதனம் எங்கே, சாதனம் என்ன சொல்லிற்று. அந்தச் சொல்லுக்கும் தாணம்மைதான் சீட்டு எழுதினாள், ‘சா’ பெட்டியில் இருக்கிறது. அதற்கும் அவர் கடைசியில் ‘வழக்கொழிந்தது’ என்று சேர்த்தார். பிறகு காகிதம். கடைசியாக எப்போது பார்த்தோம் என்று நான்கு நாளாக அவள் தேடாத நாழிகை இல்லை. மழை பெய்த செவ்வாய்க்கிழமை, கரண்டு போயிருந்தது, கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு ‘சு’ பெட்டியில், சுத்திபத்திரம் என்ற சீட்டுக்குப் பின்னால் வைத்தாள், வைத்தது நிச்சயம், வைத்துவிட்டுத் தபால்காரனுக்குக் கையெழுத்துப் போடக் கீழே போனாள், கையெழுத்து ஒத்துவரவில்லை என்று அவனும் ஒரு பாட்டம் பேசினான். திரும்பி வரும்போது பெட்டி மூடியிருந்தது. அதற்குப் பிறகு தெரியாது. ‘சு’வைத் தேடியாயிற்று, ‘கை’யைத் தேடியாயிற்று, ‘ப’வைக் கொட்டிக் கவிழ்த்தாயிற்று, கக்கூசு பரணில்கூட ஏறிப் பார்த்தான் பெர்க்மான்ஸ். எடுக்கவில்லை. நான் எடுக்கவில்லை. ஒருவேளை எடுத்தேனோ? சீட்டோடு சீட்டாக வீட்டுக்கு, பைக்குள், தூக்கத்தில்? சே. பார், இப்படித்தான். நாலு பேர் நாலு நாள் பார்க்கிற பார்வையில் நம் கையே நமக்கு அந்நியமாகிவிடும், கட்டுக்குள் கிடந்த அந்தக் கை மாதிரி. அவள் கண்ணை எடுத்துச் சுவரில் வைத்தாள். கோயில் வளாகத்தை. தூய்மையாக. ‘மை’யின் பாதி உரிந்திருந்தது. தூய்மை. யாருடைய தூய்மை. சுத்தி, சுத்தன், சுத்திபத்திரம், தூய்மை. தூய்மைச்சீட்டு.

கை நின்றுவிட்டதுபோல் ஒரு கணம் இருந்தது. நிற்கவில்லை, அவள்தான் அதை மறந்திருந்தாள். தூய்மைச்சீட்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை, அவள் படியேறி வரும்போது, இருட்டில் அவர் பெட்டிகளுக்கு முன்னால் குனிந்து நின்றார். “சுத்திபத்திரம்னு ஒரு தலைச்சொல்லாம்மா? முழுக்க வடசொல்லு. நாளைக்கு நம்மளைப் பாத்துச் சிரிப்பானுவ. தூய்மைச்சீட்டுன்னு போட்டுட்டேன்” என்றார். அவள் ஈரக்குடையை மடக்கிக்கொண்டிருந்தாள், பாதிதான் காதில் விழுந்தது. அதற்கடுத்து இன்னொன்றும் சொன்னார், இதோ வருகிறது, இதோ, அவள் ஈர முந்தானையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது, “இந்தத் ‘தூ’ இழுக்கவே வரமாட்டேங்கு, மழையில மரம் ஊதிப்போச்சு.” ‘தூ’வை அவர் எதற்கு இழுத்தார்? தலைச்சொல் எங்கே போகிறதோ சான்றும் அங்கே போகும். அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள் அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் அது, பதினோரு வருடமாக யாரும் அதை மீறியதில்லை, அவர் மீறவே மாட்டார். சொல்லை மாற்றினார், சீட்டை மாற்றினார், சட்டப்படி காகிதத்தையும் எடுத்துக்கொண்டுபோய்த் ‘தூ’வில் வைத்தார், பிறகு எல்லாவற்றையும் மறந்துபோய், சுத்திபத்திரத்தைச் சுத்திபத்திரம் இருந்த இடத்திலேயே தேடிக்கொண்டு, சோற்று டப்பாவைக் கவிழ்த்து, துணியைக் கவிழ்த்து. அவர் சுத்தம் பண்ணின சுத்தம். எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம், நாலடிதான். ‘ஐயா, தூ பெட்டியில இருக்கு.’ சொன்னால் என்ன ஆகும்? அடடா என்பார். நெற்றியில் தட்டிக்கொள்வார். பெர்க்மான்ஸ் விசிலடிப்பான். எல்லாரும் ஆட்டோவில் ஏறி, வழியில் இறங்கி அவர் செலவில் டீயும் பழபஜ்ஜியும் சாப்பிட்டு, வயசாயிட்டும்மா என்று அவர் சிரிக்க, இவர்களும் சிரித்து, அதோடு முடிந்துபோகும். முடிந்துபோகுமா? காகிதம் கிடைத்துவிட்டால் கவிழ்த்த பை நிமிர்ந்துவிடுமா? நாலு நாள் பார்த்த பார்வை எந்தப் பெட்டியில் போய் உட்காரும்? எந்தக் கோயிலில் வந்து அவளுடைய கை அவளுடையதுதான் என்று மெய்ப்பிப்பது? சொல்லமாட்டேன் என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. ஆனால் அவர் பொய்ச் சத்தியம் பண்ணப்போகிறாரே, தெரியாமல்தான் என்றாலும், தெய்வத்துக்கு முன்னால், அதைத் தடுக்காமல் இருப்பது பாவமில்லையா? பாவம்தான். இருக்கட்டும். அவருக்குத்தான் நம்பிக்கை கிடையாதே.

மொபெட் சத்தம் கேட்டது. பூசாரி வந்தார், முன்னால் கேஸ் சிலிண்டர், பின்னால் பூக்கூடை. “மன்னிக்கணும் கேட்டியளா, சிலிண்டர்க்காரன் இன்னைக்கு விட்டா இனி புதங்கிழமைதான்” என்று பூட்டைத் திறந்தார். வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு, விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது ஆளே மாறியிருந்தார். “என்ன களவு? நகையா, மாடா?” “காகிதம்” என்றார் பேராசிரியர். “காகிதமா!” பூசாரி நாலு பேரையும் ஒரு சுற்று பார்த்தார். “காகிதத்துக்குச் சத்தியம் இந்த நடையில இதுதான் மொதத் தடவை. சரி, சாமிக்கு என்ன, எல்லாம் ஒண்ணுதான். கேட்டுக்கிடுங்கோ. ஒருத்தர் ஒருத்தரா வரணும். பேரைச் சொல்லி, எடுக்கல்லன்னு சொல்லி, ஒரே அடியா அணைக்கணும். கை நடுங்கப்பிடாது. நடுங்கிச்சுன்னா சாமி ஏத்துக்கிடல்லன்னு அர்த்தம், பிறவு என்கிட்ட வந்து சண்டை பிடிக்கப்பிடாது.” சுயம்புக்கனி சட்டென்று தாணம்மையின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் கையை, பிறகு பேராசிரியரை. “ஐயா, இவளுக்குத்தான் சின்னதிலேர்ந்தே...” என்று ஆரம்பித்தாள். “தெரியும்மா, தெரியும். அதையெல்லாம் கணக்கில எடுத்துக்கிடுவோம்” என்றார் அவர். யார் எடுத்துக்கொள்வது? எந்த அளவுக்கு? இத்தனை நடுங்கினால் பிறவி, அதற்கு மேலே நடுங்கினால் களவு, அப்படியா? “நானே முதல்ல வாறேன். தலைமையில இருக்கவன்தான் முதல்ல பண்ணணும்” என்று அவர் சட்டையைக் கழற்றி மடித்துத் தோல்பையின் மேல் வைத்துவிட்டு நடைக்கு முன்னால் போய் நின்றார். முதுகு வெள்ளையாக, சிறு பையனுடையதுபோல இருந்தது. ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது அவளுக்கு. சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். பூசாரி தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். “குற்றாலலிங்கமாகிய நான் அந்தக் காகிதத்தை எடுக்கவுமில்லை, இடம் மாற்றவுமில்லை” என்றார் பேராசிரியர், இடம் மாற்றவுமில்லை என்பதை யாரும் கேட்காமலே சேர்த்தார், அகராதிக்காரர் இல்லையா, பொருளில் ஓட்டை இருக்கக்கூடாது. பிறகு உள்ளங்கையை இறக்கினார். தீ ஒரே அடியில் அணைந்தது. “பாத்தியளா, சாருக்க கையை! கல்லு மாதிரி” என்றார் பூசாரி.

“நீ வாம்மா தாணம்மை” என்றார் அவர், கைக்குட்டையால் கரியைத் துடைத்துக்கொண்டே. அவள் எழுந்தாள். கையை ஒளிக்கவில்லை. முப்பது வருடமாக முந்தானைக்குள், தொடைக்கு அடியில், கைப்பைக்குப் பின்னால் வைத்து வளர்த்த கையை வெளியே எடுத்து நீட்டிக்கொண்டு நடந்தாள், அது வெயிலில் புன்னை இலை மாதிரி ஆடிற்று, வளையல் சத்தம் போட்டது, போடட்டும். பூசாரி புதுச் சூடம் கொளுத்தினார், கையைப் பார்த்தார். தீயின் சூடு விரல் நுனியில் தட்டியது. “பேரைச் சொல்லும்மா.” “காகிதம் ‘தூ’ பெட்டியில இருக்கு” என்றாள். அவள் குரல் எப்போதும் மெலிந்த குரல்தான், அதனால் பூசாரி, “என்னது?” என்று குனிந்தார். அவள் பேராசிரியரைப் பார்த்துச் சொன்னாள், “சுத்திபத்திரம் வேண்டாம், தூய்மைச்சீட்டுன்னு மாத்தினீங்க. மழை பெஞ்ச செவ்வாக்கிழமை. தலைச்சொல் எங்க போவுதோ சான்றும் அங்க போவும். ‘தூ’ இழுக்க வரல்ல, மரம் ஊதிப்போச்சுன்னு என்கிட்டச் சொன்னீங்க ஐயா.” கைக்குட்டை அவர் கையில் அப்படியே நின்றது. உதடு மட்டும் அசைந்தது, தூய்மைச், என்று பாதி வந்தது, பெட்டியை இழுக்கிறவர்போல வலது தோள் தானாக ஒருமுறை பின்னால் போயிற்று, அதிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. “ஆமா” என்றார். “ஆமாம்மா. ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன்.” “அந்தோணியாரே” என்றான் பெர்க்மான்ஸ். பூசாரி தட்டைப் பார்த்தார், பேராசிரியரின் கையைப் பார்த்தார், சாஸ்தாவைப் பார்த்தார், சட்டென்று, “தெரியாமச் செய்தா சாமிக்குக் குத்தமில்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சுயம்புக்கனி மண்ணிலிருந்து எழுந்து நின்றாள். “அப்பம் எனக்க கூடையை எதுக்குக் கவுத்தியோ? எனக்க கஞ்சியைக் கவுத்தியோ? உங்களுக்க பெட்டியைக் கவுத்துப் பாக்காம எனக்க கஞ்சியை எதுக்குக் கவுத்தியோ?” அவள் அலுவலகத்தில் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

“தப்புத்தான்” என்றார் அவர், சட்டையை எடுத்துத் தலைகீழாக மாட்டிக் கழற்றி மறுபடியும் மாட்டினார். “கிடைச்சதே, அதைச் சொல்லு. நல்லதாப் போச்சு. சூடம் இனி வேண்டாம், கிளம்புவோம். வக்கீல்கிட்ட வேறெதுவும் சொல்லாண்டாம், என்ன?” தட்டில் அவளுடைய சூடம் யாரும் அணைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. தாணம்மை அதைத் தாண்டி வந்து பெஞ்சில் கிடந்த கைப்பையைத் திறந்தாள், மாத்திரை அட்டையை ஒதுக்கி, மஞ்சள் சீட்டை எடுத்தாள். நடுங்குகிற கையாலேயே நீட்டினாள், சீட்டு படபடத்தது, ஆஸ்பத்திரியில் டாக்டர் வைத்த தாள் மாதிரி. “இது ‘கை’ பெட்டிச் சீட்டு. மத்தியானம் அச்சுக்குப் போணும்னு சொன்னீங்க. இதுல கடைசிச் சொல்லு, ‘வழக்கொழிந்தது’, தப்பா இருக்கு ஐயா.” அவர் வாங்கிப் படித்தார். படிக்கத் தேவையில்லாததை நெடுநேரம் படித்தார். “நான் அடிக்கலாம்” என்றாள் அவள். “நீங்க எழுதினது. நீங்க அடிச்சாத்தான் சரி.” பேனாவைத் திறந்து கொடுத்தாள். அவர் சீட்டைத் தோல்பையின் மேல் வைத்துக் குனிந்தார். பூசாரி எட்டிப் பார்த்தார், பெர்க்மான்ஸ் பார்த்தான், சுயம்புக்கனியும் பக்கத்தில் வந்து நின்று அவர் விரல்களையே பார்த்தாள். தாணம்மை பார்க்கவில்லை. பேனா காகிதத்தில் கிழிக்கிற சத்தம் கேட்டதும் கையை நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டு, அவர் கை நடுங்கிற்றா என்று யாரையும் கேட்காமல் ஆட்டோவை நோக்கி நடந்தாள்.